சில்லறை மறுக்கும் சில்லறைக் கடை

பொருள்களை மூட்டை மூட்டையாக விற்பதை மொத்த வணிகம் என்றும், அவற்றையே பிரித்துப் படியாகவும் பொட்டலமாகவும் விற்பதைச் சில்லறை வணிகம் என்றும் வழங்குகின்றோம். சில்லறை என்னும் சொல்லுக்குச் சிறு நாணயம் என்பதும் பொருள். ஆகவே, சில்லறைக் கடை என்பது சிறிது சிறிதாக விற்கும் கடை மாத்திரமன்று. சிறு காசுடன் வருபவரையும் கொள்வோராக மதித்து ஏற்கும் கடையுமாகும். ஒரு தொழிலின் பெயரே அத்தொழிலின் கடமையையும் உணர்த்தி நிற்பது நம் மொழிக்குள்ள சிறப்புக்களுள் ஒன்று. அந்தச் சிறப்புக்கு இப்பொழுது ஓர் இடையூறு நேர்ந்திருக்கின்றது.

இந்நாளிலே பலர் கையிற் காசு கொண்டு கடைக்குச் செல்வதில்லை. வங்கி வழங்கிய அட்டையைக் கொண்டு செல்கின்றனர். அதனை இயந்திரத்தின் அருகே காட்டிய மாத்திரத்திலே, கையொப்பமுமின்றி இரகசிய இலக்கமுமின்றிப் பணம் கைமாறிவிடுகின்றது. வசதி பெரிதே. ஆயின், அந்த இயந்திரத்தின் பக்கத்திலேயே சில கடைகளில் ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டிருக்கின்றது: அட்டையாற் செலுத்துவதாயின் குறைந்தது இவ்வளவு ரூபாவுக்குப் பொருள் வாங்குதல் வேண்டும் என்பது அது. ஒரு கடையில் 500 என்றிருக்கும்; மற்றொரு கடையில் 1,000 என்றிருக்கும். அதற்குக் குறைந்த தொகைக்கு வாங்குபவர் காசு தருதல் வேண்டும். காசு இல்லையாயின் பொருளை வைத்துவிட்டுப் போதல் வேண்டும். சில்லறைக் கடை சில்லறையை மறுக்கின்றது என்று யான் கூறுவது இதனையே.

இஃது அற்பச் செய்தி. பத்திரிகையில் எழுதத்தக்க பொருளன்று எனச் சிலர் கருதக்கூடும். கொழும்பிலும் கண்டியிலும் வாழ்வோர்க்கு அவ்வாறு தோன்றுதல் இயல்பே. எமது கட்டைபறிச்சான், கொட்டியாரப்பற்றிலே உள்ள சிற்றூர். வயலும் கால்நடையும் களப்பும் நாட்கூலியுமே பெரும்பாலோர்க்குச் சீவனோபாயம். ஊருக்கு வேண்டிய பெரிய காரியங்கள் யாவற்றுக்கும் மூதூர் நகருக்கே செல்லல் வேண்டும். இத்தகைய ஊரிலிருந்து நோக்கினால் அவ்வறிவித்தலின் பொருள் வேறாகத் தெரியும்.

மூதூரில் உள்ள ஒரு கடையிலே யான் நேரிற் கண்டதை மாத்திரம் இங்கே குறிப்பிடுகின்றேன். எம்மூர் மூதாட்டி ஒருவர் சவுக்காரமும் தேயிலையும் வாங்கினார். விலை 340 ரூபா. மகள் எடுத்துக் கொடுத்த வங்கி அட்டையை நீட்டினார். கடைக்காரர் அமைதியாகவே சொன்னார்:

"ஆச்சி, 500க்குக் குறைஞ்சா காட் போட ஏலாது. இன்னும் ஏதும் எடுங்க."

"இன்னும் எடுத்தா மாசக் கடைசிக்கு என்ன செய்யிற தம்பி? தேயிலைய வைச்சிட்டு சவுக்காரத்தத் தாங்க" என்று கூறி, சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து நாணயங்களை எண்ணி வைத்தார் அம்மூதாட்டி.

அவர் கணக்கிலே பணம் இருந்தது. கடையிலே தேயிலை இருந்தது. பணத்தை எடுத்துச் செல்லும் இயந்திரமும் இருந்தது. மூன்றும் இருந்தும் வணிகம் நிகழவில்லை. ஏன் நிகழவில்லை என்பதே ஆராயத்தக்கது.

கடைக்காரரின் பக்கம்

கடைக்காரரைக் குறைகூறுதல் எளிது. ஆயினும் அவர் கணக்கையும் கேட்டறிதல் நீதியாகும். அட்டையால் 100 ரூபா செலுத்தினால் அந்த 100 ரூபாவும் கடைக்காரரின் கைக்கு வருவதில்லை. அட்டையை வழங்கிய வங்கிக்கு ஒரு பங்கு. இயந்திரத்தை வழங்கிய வங்கிக்கு ஒரு பங்கு. இரண்டையும் இணைத்துவைக்கும் வீசா, மாஸ்டர்காட் முதலிய நிறுவனங்களுக்கு ஒரு பங்கு. இவை கழிந்தபின் எஞ்சியதே அவர் கணக்கைச் சென்றடையும். அதுவும் உடனே வருவதில்லை. காலையில் பாணும் பால்மாவும் கொண்டுவந்து இறக்குபவர்க்கு அவர் கைக்காசு கொடுத்தல் வேண்டும். அட்டையால் வந்த பணமோ வங்கியின் கணக்கு முடிந்தபின்னரே கிடைக்கும்.

கழிவு நூற்றுக்கு இரண்டரை எனவும், ஒரு பொருளில் இலாபம் நூற்றுக்கு ஐந்து எனவும் உதாரணமாகக் கொள்வோம். 200 ரூபாப் பொருளில் இலாபம் 10 ரூபா. அதில் 5 ரூபா கழிவாகப் போகும். 2,000 ரூபாவுக்கு விற்றாலும் இலாபம் 100, கழிவு 50. இரண்டிலும் போவது பாதியே. அவ்வாறாயின் குறைந்தபட்சத் தொகை விதிப்பதனால் வரும் பயன் யாது என்று கணக்கறிந்த மாணவன் ஒருவன் கேட்கக்கூடும். கேள்வி தக்கதே.

அதற்கு விடை இரண்டு. சிறு கொள்வனவாக வருவன பெரும்பாலும் இலாபம் மிகக் குறைந்த பொருள்கள். பால்மாப் பொட்டலம், தொலைபேசி மீள்நிரப்பு அட்டை முதலியன அத்தகையவை. அவற்றைத் தனியே விற்றால் இலாபம் முழுவதும் கழிவாகவே போய்விடும். கூடை நிறைய வாங்குபவரோ இலாபங் குறைந்த பொருளுடன் இலாபம் மிக்க பொருளையும் சேர்த்து வாங்குவார். ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும். இது முதலாவது. நூற்றுவீதக் கழிவு ஒருபுறமிருக்க, இயந்திரத்துக்கு மாதவாடகையும், ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் இவ்வளவு என்னும் நிலைக்கட்டணமும் அறவிடும் ஒப்பந்தங்கள் பல நாடுகளில் உள்ளன. விலை குறைந்தாலும் நிலைக்கட்டணம் குறையாது. பெரிய மீனுக்கும் சிறிய மீனுக்கும் ஒரே கூலி கேட்டாற் சிறிய மீனைச் சுமப்பிப்பவர் யார்? இது இரண்டாவது. ஆகவே அவ்வறிவித்தல் கடைக்காரரின் கருமித்தனத்திற் பிறந்ததன்று. சிறு தொகையைத் தாங்க மாட்டாத ஏற்பாடு ஒன்று அவர்மேற் சுமத்தப்பட்டதிற் பிறந்தது.

வேறு சிலர் குறைந்தபட்சம் விதியாமல், அட்டையாற் செலுத்துபவரிடம் நூற்றுக்கு இரண்டரை, மூன்று என மேலதிகமாக வாங்குகின்றனர். வங்கியுடன் செய்த ஒப்பந்தத்தின்படி இது கூடாது என்றும், அவ்வாறு அறவிடப்பட்டால் தத்தம் வங்கிக்கு அறிவிக்கலாம் என்றும் இலங்கை மத்திய வங்கி பொதுமக்களுக்கு உணர்த்தியிருக்கின்றது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர், கொள்ளும்பொழுது மிகையாகக் கொள்ளாமலும் கொடுக்கும்பொழுது குறையாகக் கொடாமலும் வாழ்ந்தனர் எனப் பட்டினப்பாலை அவர்களைப் போற்றுகின்றது. அந்த அறத்தை இன்றைய வணிகர்க்கும் நினைவூட்டலாம், ஊட்டவும் வேண்டும். ஆயின், உருத்திரங்கண்ணனார் கண்ட சந்தையிலே கொடுப்பவரும் கொள்பவருமாக இருவரே நின்றனர். நாம் காணும் சந்தையிலோ இருவர்க்கும் நடுவே மூவர் கண்ணுக்குப் புலப்படாமல் நிற்கின்றனர். அறத்தை இருவர்க்கு மாத்திரம் உபதேசித்து, ஏனைய மூவரை விட்டுவிடுதல் முறையாகுமா?

கால் சதத்தின் பாடம்

பணம் என்பது யாது என்னும் வினாவுக்கு இந்நாட்டு நாணய வரலாறு ஒரு நல்ல விடை தருகின்றது. ரூபாவும் சதமுமாகிய முறை 1872ஆம் ஆண்டு தொடக்கம் இங்கே நிலைபெற்றது. அதற்கென 1870ஆம் ஆண்டு பொறிக்கப்பட்ட செப்பு நாணயங்களுள், விக்டோரியா மகாராணியின் தலையுருவுடன், ஐந்து சதமும் ஒரு சதமும் மாத்திரமன்றி அரைச் சதமும் கால் சதமும் இருந்தன. 400 கால் சதம் கூடினால் ஒரு ரூபா! அந்நிய அரசாங்கம் ஏழைகள்மீது இரங்கி இதனைச் செய்தது என்று கருத வேண்டியதில்லை. அத்துணைச் சிறிய நாணயம் இல்லாவிடில் சந்தையிலே சிறு கொடுக்கல் வாங்கல் நடைபெறாது என்பது அதற்குத் தெரிந்திருந்தது, அவ்வளவே.

இதிலிருந்து பெறப்படுவது ஒன்றுண்டு. ஒரு பணத்தின் தகுதியை அதனால் வாங்கத்தக்க மிகப் பெரிய பொருளைக் கொண்டு அளத்தல் கூடாது; மிகச் சிறிய பொருளைக் கொண்டே அளத்தல் வேண்டும். காணி வாங்குவதற்கு எந்தப் பணமும் உதவும். ஒரு கட்டு வெற்றிலை வாங்க உதவுவது எதுவோ, அதுவே மக்களின் பணம். கால் சதம் பொறித்த செலவை அரசு ஏற்றது. வெற்றிலை விற்றவளிடம் அந்தச் செலவை அறவிடவில்லை. இன்றைய மின் பணத்திலோ, ஒவ்வொரு முறை கைமாறும்பொழுதும் அதன் செலவு விற்பவர்மேலே விழுகின்றது. அவர் அதனைச் சிறு கொள்வனவு செய்பவர்மேலே தள்ளுகின்றார். அட்டை இன்னும் முழுப் பணமாகவில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இதனால் வருந்துபவர் யாவர் என்பதும் நோக்கத்தக்கது. ஒருமுறையிலே 5,000 ரூபாவுக்கு வாங்குபவர்க்கு அவ்வறிவித்தல் கண்ணிற் படுவதேயில்லை. அன்றன்று உழைத்து அன்றன்று வாங்குபவர், தனித்து வாழும் முதியோர், கொப்பி ஒன்று வாங்க வரும் மாணவன் ஆகியோர்க்கே அது தடை. அன்றியும், வறிய குடும்பங்களுக்கான அரசாங்க உதவி 2023ஆம் ஆண்டு தொடக்கம் அஸ்வெசும என்னும் பெயரால் வங்கிக் கணக்குக்கே செல்கின்றது. உதவியை வங்கியில் இடுதல் இடைத்தரகர் தொல்லையை ஒழிக்கும் நல்ல முறையே. ஆயின், வங்கியில் இட்ட பணத்தைச் சிறிது சிறிதாகச் செலவிடும் வழியை ஊரிலே திறந்துவையாவிடின் பயன் என்ன? அதனைக் காசாக்கப் பேருந்துக் கட்டணம் கொடுத்து நகருக்குச் செல்ல வேண்டும். வேற்று வங்கியின் இயந்திரத்தில் எடுத்தால் அதற்கும் கட்டணம். அல்லது கடைக்காரர் குறித்த தொகை நிரம்பும்வரை வேண்டாப் பொருளையும் வாங்க வேண்டும். வறுமைக்கு வரி என்று ஒன்று சட்டப் புத்தகத்தில் இல்லை. இங்கே நடைமுறையில் இருக்கின்றது.

இலண்டன் தமிழர் கடைகளிலே

இவ்வழக்கு நமது நாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. நம்மவர் பலர் புலம்பெயர்ந்து வாழும் இலண்டன் மாநகரிலே ஈஸ்ற்ஹாம், வெம்பிளி, ரூற்றிங் முதலிய பகுதிகளில் தமிழர் நடத்தும் மூலைக்கடைகள் நிறைய உண்டு. என்னிடம் தமிழ் கற்ற ஒருவர் அங்கே அத்தகைய கடை நடத்துகின்றார். அட்டையாயின் குறைந்தது இத்தனை பவுண் என்னும் அறிவித்தல் அவர் கடையிலும் நெடுங்காலம் தொங்கியதாம்.

அங்கே இதில் ஒரு விநோதமும் உண்டு. தொடுகையின்றிச் செலுத்தும் அட்டை 2007ஆம் ஆண்டு பிரித்தானியாவில் அறிமுகமானபொழுது, ஒரு தடவையில் 10 பவுணுக்கு மேற் செலுத்தல் ஆகாது என்று வரம்பிட்டனர். தேநீரும் பத்திரிகையும் போன்ற சிறு கொள்வனவுக்கே அஃது உரியது என்பது அவர்தம் எண்ணம். மூலைக்கடைக்காரரோ 5 பவுணுக்குக் குறைந்தால் ஏற்கமாட்டோம் என்றனர். சிறு செலவுக்கென்றே பிறந்த ஒன்று சிறு செலவுக்கு உதவாது போயிற்று! வங்கிகள் மேல்வரம்பைப் படிப்படியாக உயர்த்தி 2021ஆம் ஆண்டு 100 பவுண் ஆக்கின. கீழ்வரம்பைப் பற்றிக் கவலைகொண்டவர் சிலரே.

இத்தொல்லைக்கு நாடுகள் பலவாறு மருந்து தேடின. அட்டைக்கென மேலதிகக் கட்டணம் வாங்குவதைப் பிரித்தானியா 2018ஆம் ஆண்டு சனவரியிலே சட்டத்தால் தடுத்தது. குறைந்தபட்சத் தொகை விதிப்பதை அச்சட்டம் தடுக்கவில்லை. ஒரு கதவை அடைத்தாற் காற்று மறு கதவால் வரும் அன்றோ? அமெரிக்கா 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் வேறு வழி வகுத்தது: கடனட்டைக்குக் குறைந்தபட்சம் விதிக்கலாம், அந்தக் குறைந்தபட்சம் 10 டொலரை மேற்படுதல் கூடாது. இது தொல்லையை ஒழித்ததன்று. அதற்கு ஓர் எல்லை கட்டியது. ஐரோப்பிய ஒன்றியம் நோயின் மூலத்தையே நோக்கியது. கடைக்காரரின் வங்கி அட்டை வழங்கிய வங்கிக்குக் கொடுக்கும் பங்கு, பற்று அட்டைக்கு நூற்றுக்கு 0.2, கடனட்டைக்கு நூற்றுக்கு 0.3 என்பவற்றை விஞ்சலாகாது என 2015ஆம் ஆண்டு விதித்தது.

இந்தியா மேலும் ஒரு படி சென்றது. 2016ஆம் ஆண்டு தொடங்கிய யூ.பி.ஐ. என்னும் முறையிலே, 2020ஆம் ஆண்டு சனவரி தொடக்கம் வணிகரிடம் கழிவு வாங்குதல் ஆகாது என அரசு ஆணையிட்டது. தமிழ்நாட்டிலே தள்ளுவண்டியில் வேர்க்கடலை விற்பவரும் ஒரு சிறு சதுரக் குறியை ஒட்டிவைத்து, 10 ரூபாவையும் அதன்வழி வாங்குகின்றார். அவர் வண்டியிலே குறைந்தபட்சத் தொகை பற்றிய அறிவித்தல் ஏன் இல்லை? அவர் இலண்டன் வணிகரைவிடத் தாராள மனமுடையவர் என்பதனாலன்று. கழிவு இல்லை என்பதனாலேயே. ஆயினும் இங்கே ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. கழிவு ஒழிந்தது, செலவு ஒழியவில்லை. கணினிக்கும் கம்பிக்கும் காவலுக்கும் ஆகும் செலவை வங்கிகள் தாங்குகின்றன. சிறு வணிகர் பெறும் சிறு தொகைகளுக்காக அரசும் வங்கிகளுக்கு ஊக்கப்பணம் கொடுத்துவந்திருக்கின்றது. அஃதாவது, கால் சதம் பொறித்த செலவை அக்காலத்து அரசு ஏற்றதுபோல, இச்செலவின் ஒரு பகுதியை இக்காலத்து அரசு ஏற்கின்றது. அதுவே பொருத்தமுடையது என்பது என் கருத்து.

நமது நாட்டிலும் விதை இல்லாமலில்லை. லங்காகியூ.ஆர். என்னும் சதுரக்குறி முறை 2018ஆம் ஆண்டு மத்திய வங்கியால் வகுக்கப்பட்டது. அதற்கு விலையுயர்ந்த இயந்திரம் வேண்டாம்; கழிவும் அட்டைக்குரியதினும் குறைவு. ஆயின் வாங்குபவர் கையிலே திறன்பேசியும் இணையத் தொடர்பும் இருத்தல் வேண்டும். முதியோர் பலர் கையில் இருப்பது அட்டை ஒன்றே. ஆகவே ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கைவிடுதல் தீர்வாகாது.

காசையும் கைவிடலாகாது

இவ்வளவும் கூறியதனால், காசை ஒழித்துவிடுதல் நன்று என்று யான் கூறுவதாக எவரும் கொள்ளற்க. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியிலே டிட்வா சூறாவளி இந்நாட்டை அலைத்தபொழுது, மாவிலாற்று அணைக்கட்டு உடைந்து மூதூர்ப் பகுதியை வெள்ளம் வளைத்தது. அத்தகைய நாளிலே மின்சாரமும் தொலைபேசிக் கோபுரமும் ஓய்ந்துவிட்டால், எந்த அட்டையும் வெறும் அட்டையே. மடியிலுள்ள 100 ரூபாத் தாள் அப்பொழுதும் அரிசியாக மாறும். மத்திய வங்கி வெளியிடும் தாளும் நாணயமும் சட்டப்படி செல்லும் பணம். அட்டையோ வங்கியும் வணிகரும் தம்முட் செய்துகொண்ட ஒப்பந்தத்தாற் செல்வது. இவ்வேறுபாட்டை நாம் மறத்தல் கூடாது. அட்டை காசுக்குத் துணையாகுக. காசின் இடத்தைப் பறித்துக்கொள்ளாதொழிக.

செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, 1,000 ரூபாவுக்குக் குறைந்த சிறு கொடுப்பனவுகளுக்குச் சிறு கடைக்காரரிடம் கழிவும் நிலைக்கட்டணமும் அறவிடாதிருக்க மத்திய வங்கியும் ஏனைய வங்கிகளும் ஓர் ஏற்பாடு செய்தல் வேண்டும். பெருந்தொகைகளில் வங்கிகள் பெறும் ஊதியத்தின் ஒரு சிறு கூறு அதற்குப் போதாதாயின், மிகுதியை அரசு ஏற்கலாம். இரண்டாவது, அரசாங்க உதவி செல்லும் ஊர்களிலே, அட்டையைக் கொடுத்துக் காசு பெறும் வசதி கடைகளிலோ கூட்டுறவுச் சங்கங்களிலோ அமைதல் வேண்டும். மூன்றாவது, கடைக்காரர் பெறும் அட்டைப் பணம் மறுநாட் காலைக்குள் அவர் கைக்கு எட்டுதல் வேண்டும். இம்மூன்றும் நிறைவேறியபின்னும் ஒருவர் அவ்வறிவித்தலைத் தொங்கவிடுவாராயின், அப்பொழுது அவரைக் கடிந்துகொள்வோம். அதுவரை அவரைக் கடிதல், கொட்டிய தேளை விட்டுக் கொட்டுண்ட கையை அடிப்பதை ஒக்கும்.

பெரிய பொருளாதாரத் திட்டங்களைப் பற்றிப் பேசுவோர் கோடிகளிலே பேசுகின்றனர். நாட்டின் பெரும்பகுதி மக்களோ நூறுகளிலே வாழ்கின்றனர். மின்வழிப் பணம் முன்னேற்றத்தின் அடையாளம் என்று மேடைதோறும் முழங்குகின்றோம். அம்முன்னேற்றம் எம்மூர் வரைக்கும் வந்ததா என்பதை அறிய அறிக்கைகளைப் புரட்ட வேண்டியதில்லை. ஒரு பொட்டலம் தேயிலையை அதனால் வாங்க முடிகின்றதா என்று பார்த்தாற் போதும்.